பேசக்கூடாத தீவு

12 பிப்ரவரி 2025, புதன்

காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் புதுச் சீட்டு. “காஸ் தீர்ந்தது.” இரண்டே சொல், முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. கணக்கு டீச்சர் இல்லையா, புள்ளியைக்கூட வட்டம் பிசகாமல் வைத்திருக்கிறாள். என் பெண்டாட்டி எனக்கு எழுதும் காதல் கடிதம் இப்போதெல்லாம் இப்படித்தான்.

நளினி என்னோடு பேசி இன்றோடு பதினேழு நாள். ஜனவரி 27-ஐ முதல் நாளாக வைத்து எண்ணுகிறேன். எண்ணுவதுதானே என் பிழைப்பு. இந்தத் தீவின் துறைமுகத்தில், ஹேடோ வார்ஃபில், டேலி சூப்பர்வைசர் நான். மெயின்லேண்ட் கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை பெட்டி ஏறியது என்று இருபத்து நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் ஓசியில் வந்த டைரியில் இப்போது இதை எண்ணுகிறேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நளினிக்கு ஒரே தம்பி, அருண்பிரசாத். பிப்ரவரி 2-ஆம் தேதி பரமக்குடியில் கல்யாணம். நளினி, நான், மகள் கார்த்திகா, மூன்று பேருக்கும் 27-ஆம் தேதி மூன்று மணிக் கப்பலுக்கு டிக்கெட் கையில் இருந்தது. அன்றைக்கு மதியம் வரை எனக்கு டியூட்டி. அதே கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நானூறு மூட்டை பாக்கி. வீட்டுக்குப் போன் போட்டேன். “நிதானமாச் சாப்பிட்டுக் கிளம்புங்க. ஆறு மணிக்கு முன்னாடி அது அசையாது. நான் சொல்றேன்ல.” நளினி மூன்று தரம் கேட்டாள், “நெசமாவா?” என்று. டியூட்டி முடிந்ததும் நானும் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டேன்.

மற்ற பயணிகள் எல்லாம் பன்னிரண்டு மணிக்கே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பாவம், வார்ஃபில் ஆள் இல்லாதவர்கள். எங்கள் வீட்டில்தான் வார்ஃப்காரன் இருக்கிறானே!

என் சர்வீசில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிய கப்பலை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குப் பார்த்து, தண்ணீர் வற்றுவதற்குள் வெளியே போயாக வேண்டும் என்று மிச்ச மூட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு டாண் என்று மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டது. பெட்டி, முறுக்கு டின், பட்டுச் சேலை சகிதம் நாங்கள் வார்ஃப் கேட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருபது. கப்பலின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது.

விமானத்துக்கு எல்லா ஏஜென்டையும் கேட்டேன். சீசன். மூன்றாம் தேதிக்குத்தான் இடம் என்றார்கள். இரண்டாம் தேதி கல்யாணம்.

தாலி கட்டியதை நளினி போனில் பார்த்தாள். நடுவில் இரண்டு தரம் நெட் போய்விட்டது.


13 பிப்ரவரி, வியாழன்

பதினெட்டு. காஸ் மாற்றினேன். ஒரு தலையாட்டல்கூட இல்லை. எதிர்பார்த்தவனைச் சொல்ல வேண்டும்.


16 பிப்ரவரி, ஞாயிறு

புதன்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதியிருக்கிறேன். கப்பல் போனதற்காக மட்டும் ஒருத்தி இத்தனை நாள் பேசாமல் இருப்பாளா? கத்தியிருப்பாள், ஒரு வாரம் சோற்றில் உப்பைக் கூட்டியிருப்பாள், முடிந்திருக்கும்.

சரி, எழுதிடறேன். யாரு படிக்கப் போறா.

கப்பல் போன அன்று சாயங்காலம் அருண் போன் பண்ணினான். “ஏறிட்டீங்களா அத்தான்?” வார்ஃபில் வேலை பார்க்கிறவன் கப்பலை விட்டுவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? பரமக்குடியில் என் மாமியார் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கப்பல் விஷயம் என்றால் மாப்பிள்ளையைக் கேளு என்பார்கள். “அக்காவுக்கு லீவு கிடைக்கலப்பா. பப்ளிக் எக்ஸாம் வேலை. கடைசி நேரத்துல ஸ்கூல்ல விட மாட்டேன்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்துத் திரும்பினால் அடுப்படி வாசலில் நளினி நிற்கிறாள்.

அன்றைக்கு மூடிய வாய்தான்.

அவள் அம்மா பொன்னம்மா, என் மாமியார், மறுநாள் போனில் கத்தியது ஹால் வரைக்கும் கேட்டது. “ஊரான் புள்ளைக பரீட்சைதான் ஒனக்குப் பெருசாப் போச்சா? கூடப் பொறந்தவன் கல்யாணத்தவிடவா?” நளினி “சரிம்மா, சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேப்பர் தலைகீழாக இருந்ததா என்றுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு அவளிடம் பத்துத் தரமாவது விளக்கியிருக்கிறேன். தண்ணீர் மட்டம், கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோகும் பைலட், நானூறு மூட்டை, எல்லாம். தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நானூறு மூட்டைதான் முன்னால் வந்து நிற்கிறது.


18 பிப்ரவரி, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில் கார்த்திகா தட்டைத் தள்ளிவைத்தாள். “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா? எனக்கும் இன்டர்னல் எக்ஸாம் இருக்கு.” பத்தொன்பது வயசு. காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம். கோபம் வந்தால் அப்படியே அவள் அம்மா.

விஷயம் என்னவென்றால், இந்தச் சனி ஞாயிறு மூன்று பேரும் பாராடாங் போகிறோமாம். அங்கே கழிமுகத்துக்குள் சதுப்புமரம் மண்டிய ஒரு சின்னத் தீவு. கிளிகளின் சரணாலயம், யாரும் கால் வைக்கக் கூடாது. பொழுது சாயும்போது ஆயிரக்கணக்கில் கிளி வந்து அடையுமாம். படகில் இருந்தபடியே பார்க்க வேண்டும். பர்மிட், ரூம், படகு எல்லாம் சொல்லி வைத்துவிட்டாளாம்.

நளினி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, “உங்கப்பாவும் வர்றாரான்னு கேளு” என்றாள்.

“வர்றேன்னு சொல்லு” என்றேன்.

மூன்று பேரும் ஒரே மேஜையில், ஒரு முழ இடைவெளியில். கார்த்திகா தலையில் அடித்துக்கொண்டாள்.

நளினி கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். டூரிஸ்ட்டுகள் மூன்று நாளில் பார்ப்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை. போவோம் போவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் இதுவும் ஒன்று.


21 பிப்ரவரி, வெள்ளி

ஃப்ரிட்ஜில்: “காலை 6 மணிக்கு வண்டி. 6.” ஆறு இரண்டு தரம். குத்தல் புரிகிறது, தாயே. ஐந்தே முக்காலுக்கே ஷூவோடு உட்கார்ந்திருப்பேன்.


22 பிப்ரவரி, சனி — பாராடாங், மதியம்

ஐந்தரைக்கே ஷூ போட்டாயிற்று. வந்த ஜீப்காரன் இருபது நிமிஷம் லேட். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் நிலைமையில் அடுத்தவன் லேட்டைப் பற்றிப் பேச முடியுமா?

ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் எல்லா வண்டியும் வரிசை கட்டி, ஒன்பது மணிக்குப் போலீஸ் முன்னால் போக, பின்னாலேயே காட்டுக்குள் நுழைந்தோம். அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நடுவில் நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது, சத்தம் கூடாது. நாம் கடந்து போகிறவர்கள், அவ்வளவே. போனில் சிக்னலும் செத்துவிட்டது. பின் சீட்டில் நளினி ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல், நடுவில் கார்த்திகா. இரண்டு பக்கமும் மரம் வானத்தை மறைத்து நின்றது. நளினி முகத்தை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க மங்க, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இவளை ஏன் இத்தனை வருஷம் இந்தப் பக்கம் கூட்டி வரவில்லை நான்?

வண்டியோடு ஃபெரியில் ஏறி இந்தக் கரைக்கு வந்தோம். ஃபெரியில் ஏறிய லாரியில் எத்தனை மூட்டை என்று என்னையறியாமல் எண்ணிவிட்டேன். கார்த்திகா பார்த்துவிட்டாள். “அப்பா, லீவு.”

வந்ததும் மண் எரிமலை. எரிமலை என்றதும் நான் பெரிதாக நினைத்துவிட்டேன். வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், உள்ளே சாம்பல் நிறச் சேறு. கேழ்வரகுக் களி கொதிப்பது மாதிரி ஒரு நிமிஷத்துக்கு ஒரு முட்டை விடுகிறது. பளக். அவ்வளவுதான். இதற்கு நூறு படி. கல்கத்தாக் குடும்பம் ஒன்று, ஏழெட்டுப் பேர், அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பக்கென்று சிரித்துவிட்டேன். நளினிக்கும் உதடு துடித்தது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்த்துட்டேன், பார்த்துட்டேன்! துடிச்சுது!

இப்போது ஜெட்டி என்கிற படகுத்துறைப் பக்கத்து மெஸ்ஸில் மீன் சாப்பாடு. நடத்துகிற சொர்ணம்மா தமிழ்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். “என்னங்க, ரெண்டு பேருமே வாயத் தொறக்கலையே, கொழம்பு நல்லாயில்லியா?” என்று கேட்டார். நானும் நளினியும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றோம். கார்த்திகா தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள், சிரிப்பை அடக்க.

மூன்றரைக்குப் படகு.


22 பிப்ரவரி, சனி — சாயங்காலம், ரூமில்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

படகுக்காரர் பிமல் தா, பெங்காலி. நாற்பது வயசு இருக்கும், அரைக்கால் சட்டை, போலீஸ்காரர் பார்வை. நாங்கள் மூவர், அதே கல்கத்தாக் குடும்பம், அவ்வளவுதான் படகில். ஜெட்டியை விட்டதும் எழுந்து நின்று இந்தியில் சொன்னார். கிளிகள் அடையும் நேரம், தீவு கிட்ட வந்ததும் என்ஜின் பந்த், பேச்சு பந்த், போன் பந்த். கை கால் எல்லாம் படகுக்குள்ளே, இந்தத் தண்ணீரில் முதலை உண்டு. “ஏக் ஷப்த் பி நஹி.” ஒரு வார்த்தைகூடக் கூடாது. கார்த்திகா என்னைப் பார்த்தாள். நான் நளினியைப் பார்த்தேன். பேசாத எங்களைப் பேசக்கூடாத இடத்துக்குக் காசு கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள் பெத்த மகள்!

இரண்டு பக்கமும் சதுப்புமரம். வேர்கள் சேற்றில் இருந்து கிளம்பி வளைந்து நிற்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் கழிமுகம் விரிந்தது. நடுவில் அந்தத் தீவு. சின்னது, நம்ம ஹேடோ கோடவுன் நாலைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால் மரத்தின் உச்சி எல்லாம் ஒரே மட்டமாக, கத்தரி போட்டு வெட்டியது மாதிரி. கிளிகளே கொத்திக் கொத்தி அப்படிச் சமன் செய்து வைத்திருக்கின்றன என்று கார்த்திகா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பிமல் தா என்ஜினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு நேரம் வாயாடிக்கொண்டு வந்த கல்கத்தாக் கூட்டம்கூட அடங்கிவிட்டது.

எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளாக எங்கள் வீட்டுக்கு மட்டும் இருந்த சட்டம் இப்போது எல்லாருக்கும். இந்தப் படகில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதனால் நளினி என்னோடு பேசவில்லை என்பதும் இல்லை. இருபத்தேழு நாளில் முதல் தரமாக அவள் பக்கத்தில் உட்கார நிம்மதியாக இருந்தது.

நளினி என் தோளைத் தட்டினாள். ஆமாம், தட்டினாள்! விரலால் காட்டினாள். பட்ட மரத்தில் ஒரு வெள்ளை வயிற்றுக் கழுகு. எனக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தேன். என் தாடையைப் பிடித்துத் திருப்பி, பைனாகுலரை என் கண்ணில் வைத்து அழுத்தினாள். தெரிந்தது. “அட, கழு—” என்றேன். பிமல் தா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சம் “கு” தொண்டைக்குள் போய்விட்டது.

நாலே முக்கால் இருக்கும். முதலில் நாலு. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. எண்ணுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத எனக்கு எண்ண முடியவில்லை! வடக்கிலிருந்து, தெற்கிலிருந்து, எங்கள் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகக் கிளி. கீச்கீச்சென்று வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சமமான உச்சியில் அப்படியே கவிழ்கின்றன. எல்லாம் வீட்டுக்கு வருகின்றன. சொந்தக்காரர்களோடு சேருகின்றன.

திரும்பினேன். நளினி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கண்ணைக்கூடத் துடைக்காமல்.

கல்யாண வீட்டில் சொந்தம் பூரா கூடியிருந்தப்ப இவ மட்டும் ஹேடோ குவார்ட்டர்ஸ்ல போனைப் புடிச்சுக்கிட்டு நின்னா. நெட் போனப்ப போனை உதறினா. நான்தானே பண்ணேன் அதை. வேற யாரு? பைலட்டா? விளக்கம் சொல்லவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்ததால்தானோ என்னவோ, இது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம் என்று கையை வெளியே விட்டேன். யோசிக்கவே இல்லை. கை தண்ணீரில் இறங்கியதுதான் தெரியும்.

“ஏங்க! கைய எடுங்க! எடுங்கன்றேன்ல! அறிவிருக்கா ஓங்களுக்கு!”

கடைசி பெஞ்ச் வரைக்கும் போகிற குரல். நாற்பத்தைந்து பிள்ளைகளை அடக்குகிற குரல். தீவு மொத்தமும் எழும்பிவிட்டது. அடைந்த கிளி அத்தனையும் ஒரே நேரத்தில் மேலே கிளம்பி, வானமே பச்சையாகப் புரண்டது. என் கைக்கு ஒரு கஜம் தள்ளி ஏதோ நீளமாக மிதந்து போனது. முதலையா, கட்டையா, இந்த நிமிஷம் வரை தெரியாது. பிமல் தா கட்டை என்றார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

“மேடம்! க்யா கர் ரஹே ஹோ!”, என்ன பண்றீங்க என்று அவர் பல்லைக் கடிக்க, கல்கத்தாக் குடும்பம் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டிவிட்டது. அதற்கும் திட்டு. கிளிகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன. நல்லவேளை. நளினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெட்டியில் இறங்கியதும் கார்த்திகா டீ வாங்குகிறேன் என்று நழுவிவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “பேசிட்டியே!” என்றேன், இளித்துக்கொண்டு. அவ்வளவுதான், அணை உடைந்தது.

“பேசாம? முதலை இழுத்துட்டுப் போறத வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? போன கப்பல் போகட்டுங்க. யாருக்கும் நடக்கும். என் தலையில ஏன் போட்டீங்க? லீவு வேணும்னு ஜனவரி ஆறாந் தேதியே ஹெச்.எம். ரூம் வாசல்ல நின்னு வாங்கினவ நான். எங்கம்மா என்னைக் கல் நெஞ்சுக்காரின்றா. என் தம்பி பொண்டாட்டி என்னைப் பாத்ததே இல்ல, அவ என்ன நெனைப்பா? ஒங்க மரியாதைக்கு என் பொறந்த வீடுதான் கிடைச்சுதா?”

“இல்ல நளினி, அன்னைக்குத் தண்ணி மட்டம்...”

வந்துவிட்டது, பாருங்கள், பாழாய்ப்போன தண்ணி மட்டம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடுவிடுவென்று ரூமுக்கு நடந்துவிட்டாள்.


23 பிப்ரவரி, ஞாயிறு — பாராடாங், காலை 8 மணி

விடிந்ததும் ரூமை விட்டு வந்துவிட்டேன். இங்கே சிக்னல் கிடையாது. ஜெட்டி முனையில், டீசல் டிரம் பக்கத்தில் நின்றால் ஒரு கோடு வருகிறது என்று சொர்ணம்மா சொன்னார். டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று பரமக்குடிக்குப் போட்டேன். மூன்றாவது தடவை கிடைத்தது.

“சொல்லுங்க அத்தான்” என்றான் அருண்.

மூட்டை, பைலட், எதுவும் வாயில் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். “அருண், ஒங்க அக்காவுக்கு லீவு கிடைச்சிருந்துச்சு. எல்லாரும் பெட்டியோட ரெடியா இருந்தாங்க. நான்தான் கப்பல் லேட்டாகும்னு நம்பி விட்டுட்டேன். அக்கா மேல பழி போட்டது பொய். என் தப்பு. முழுக்க என் தப்பு.”

“கப்பலை விட்டீங்களா? நீங்களா? வார்ஃப்ல இருந்துக்கிட்டா?” என்றான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிரிக்கட்டும். ஆனால் போனைப் பிடுங்கிய அத்தை சிரிக்கவில்லை.

“மாப்ள, நான் அவளை என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையே அவ. அப்புறம் நான் திரும்பக் கேட்டப்பகூட ‘ஆமாம்மா, லீவு கிடைக்கல’ன்னுதானே சொன்னா. ஒங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.”

அத்தை அழுதார். நானும்தான். டிரம் பக்கத்தில் படகுக்கு நின்ற ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

“சரிம்மா சரிம்மா” என்று அவள் சொன்னது எனக்குக் காது நிறையக் கேட்டதுதானே. அம்மாவிடம் அடங்கிப் போகிறாள் என்று நினைத்தேன். என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், நான் சொன்ன பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். என் மரியாதை அங்கே போய்விடக் கூடாது என்று. இதுகூடத் தெரியாத மடையன் நான்.

ரூமுக்குப் போய் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு விளக்கமாகிவிடும்.


23 பிப்ரவரி, ஞாயிறு — ஹேடோ, வீடு

திரும்பும்போது ஜிர்காடாங் தாண்டி பெரார்கஞ்ச் வயல்கள் வந்ததும் போன்களுக்கு உயிர் வந்தது. நளினியின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

அவளே கூப்பிட்டாள். “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று பயந்துபோய்த்தான் ஆரம்பித்தாள். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். முதுகு குலுங்கியது. “விடும்மா. அழுவாத. நான் ஒண்ணும் நெனைக்கல. விடு” என்றாள். கார்த்திகா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நான் ஜீப்காரனின் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். நளினி கார்த்திகாவைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

“எங்க இருந்து பேசுனீங்க? அங்கதான் சிக்னலே இல்லையே.”

“ஜெட்டியில. டீசல் டிரம் பக்கத்துல.”

“அதான் சட்டை பூரா எண்ணெய்.” கொஞ்சம் கழித்து, “போகாது அந்தக் கறை” என்றாள்.

நான் சரி என்றேன். கார்த்திகா, “அண்ணா, வண்டியை நிறுத்துங்க, நான் முன்னாடி உக்காந்துக்கறேன்” என்று இறங்கிவிட்டாள். நடுவில் இடம் காலியாயிற்று. நளினி அந்த இடத்தில் பையை வைத்தாள். வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானே எடுத்துக் கீழே போட்டாள்.


25 பிப்ரவரி, செவ்வாய்

ராத்திரி பத்து வரை திட்டு வாங்கினேன். இருபத்தேழு நாள் பாக்கி, வரிசையாக. சுகமாக இருந்தது.


9 மார்ச், ஞாயிறு

அருணும் அவன் மனைவியும் வீடியோ காலில் வந்தார்கள். அத்தை, சித்தப்பா வீடு, பக்கத்து வீடு எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு. புதுப்பெண் சுதா நளினியிடம், “அண்ணி, கப்பல் கதைய நீங்க சொல்லித்தான் கேக்கணும்னு இவரு சொன்னாரு” என்றாள்.

நளினி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். என்னை மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள். என்னை மாதிரி மூக்கைச் சொறிந்தாள். “நான் சொல்றேன்ல!” என்று என் குரலிலேயே சொன்னாள். கேட்டில் நான் கப்பலைப் பார்த்து, “ஏய், நில்லு!” என்று கை காட்டியதாகச் சொன்னாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சுதாவுக்குப் புரையேறிவிட்டது. நளினி, “இருங்க, இனிமேத்தான் இருக்கு” என்று அடுத்ததற்குப் போனாள். அவள் முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. அவள் தம்பி கல்யாணத்தில் இருந்திருக்க வேண்டிய முகம்.

நான் பின்னால் சோபாவில் இருந்தேன். கதையில் இரண்டு இடம் தப்பு. கப்பலைப் பார்த்து நான் கை காட்டவில்லை. பாக்கி இருந்தது நானூறு மூட்டை, அவள் நாற்பது என்றாள்.

திருத்தவில்லை.